வரையறை தெரியும், கணக்கு வராது: நுண்பொருளியல் பயிற்சிக் கணக்குகளை அமைப்பது எப்படி?

மேல்நிலை முதலாம் ஆண்டு பொருளியல் வகுப்பில் “இறுதிநிலைப் பயன்பாடு என்றால் என்ன?” என்று கேட்டால் பாதிப் பேராவது கை தூக்குவார்கள். பாடநூலில் உள்ள வரையறையை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்பவர்களும் உண்டு. அதே மாணவர்களிடம் ஆறு எண்கள் கொண்ட ஓர் அட்டவணையைக் கொடுத்து, “விலை பத்து ரூபாய் என்றால் இவர் எத்தனை வாங்குவார்?” என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். திண்டுக்கல் மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தும் நான் இந்த அமைதியை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். மற்ற மாவட்டங்களில் உள்ள பொருளியல் ஆசிரியர்களும் பார்த்திருப்பீர்கள்.

பொருளியல் உள்ள பிரிவைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்களில் பலர் கணிதத்திலிருந்து தப்பிக்கவே இங்கு வருகிறார்கள். எண்ணைக் கண்டதும் “இது நமக்கு வராது” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் நுண்பொருளியலின் தொடக்கப் பாடங்களுக்குத் தேவைப்படும் கணிதம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், சதவீதம், ஒரே ஒரு மாறியுள்ள எளிய சமன்பாடு ஆகியவைதான். எட்டாம் வகுப்பைத் தாண்டிய எவருக்கும் இது எட்டும். தடையாக இருப்பது கணிதம் அன்று. அந்த எண் எந்த முடிவுக்காகக் கணக்கிடப்படுகிறது என்பது தெரியாததே தடை.

வகுப்பில் நான் பயன்படுத்தும் பயிற்சிக் கணக்குகள் ஐந்தை இங்கே விளக்குகிறேன். இவற்றில் வரும் எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு நல்ல கணக்கில் இருக்க வேண்டியவை

முதலாவது, எண்கள் சிறியவையாக, தலையில் கூட்டக் கூடியவையாக இருக்க வேண்டும். 17.35ஐ 4.6ஆல் வகுக்கச் சொன்னால் மாணவரின் கவனம் முழுவதும் வகுத்தலுக்கே போய்விடும். பொருளியலுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாவது, கணக்கு ஒரு முடிவைக் கேட்க வேண்டும். “இறுதிநிலைச் செலவைக் காண்க” என்பதோடு நிறுத்தாமல், “இன்னும் ஒன்று உற்பத்தி செய்யலாமா, கூடாதா?” என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, அந்த முடிவுக்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்ல வேண்டும். எண், முடிவு, காரணம் என்ற மூன்றையும் எழுதினால்தான் விடை முழுமை பெறும் என்பதை முதல் வாரத்திலேயே வகுப்பின் வழக்கமாக்கிவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாழ்க்கையோடு தொடர்புபடுத்துகிறோம் என்று மாணவரின் வீட்டு வருமானத்தையோ கடனையோ வகுப்பில் கேட்கக் கூடாது. கற்பனைக் குடும்பம் ஒன்றின் எண்களைக் கொடுத்தால் போதும். தன் வீட்டுக் கணக்கை அவர்களே மனத்துக்குள் போட்டுக்கொள்வார்கள்.

கணக்கு 1: மில்லா, கல்லூரியா?

வாய்ப்புச் செலவு என்பது நாம் கைவிட்ட அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பு. இதற்கு நிலத்தில் நெல் போடுவதா, கரும்பு போடுவதா என்ற எடுத்துக்காட்டைச் சொல்வது வழக்கம். நான் மாணவர்கள் இரண்டு ஆண்டுகளில் சந்திக்கப்போகும் முடிவையே கணக்காக்குகிறேன்.

மேல்நிலைக் கல்வி முடித்த ஒரு மாணவிக்கு நூற்பாலையில் மாதம் 10,000 ரூபாய்க்கு வேலை கிடைக்கிறது. அரசு கலைக் கல்லூரியிலும் இடம் கிடைக்கிறது. கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு 4,000 ரூபாய். புத்தகமும் பிற செலவுகளும் ஆண்டுக்கு 6,000 ரூபாய். வீட்டில் அவருடைய சாப்பாட்டுச் செலவு ஆண்டுக்கு 24,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறார். மூன்றாண்டுப் படிப்பின் வாய்ப்புச் செலவு என்ன?

பெரும்பாலான மாணவர்கள் கட்டணம், புத்தகம், சாப்பாடு மூன்றையும் கூட்டி, ஆண்டுக்கு 34,000 வீதம் 1,02,000 ரூபாய் என்று எழுதுவார்கள். இந்த விடையில் இரண்டு பிழைகள் உள்ளன. கைவிட்ட சம்பளம் விட்டுப்போயிருக்கிறது. சாப்பாடு தேவையில்லாமல் சேர்ந்திருக்கிறது. சாப்பாட்டை ஏன் சேர்க்கக் கூடாது என்பதை நாம் சொல்லவே வேண்டாம். சற்றுப் பொறுத்தால் வகுப்பிலிருந்தே குரல் வரும்: “வேலைக்குப் போனாலும் சாப்பிடத்தானே வேணும், டீச்சர்?” இரண்டு வழியிலும் ஒரே மாதிரி வரும் செலவு முடிவைப் பாதிக்காது என்ற கோட்பாடு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

சரியான கணக்கு இது. கைவிட்ட சம்பளம் 36 மாதங்களுக்கு 3,60,000 ரூபாய். கட்டணமும் புத்தகமும் மூன்று ஆண்டுகளுக்கு 30,000 ரூபாய். கூட்டினால் 3,90,000 ரூபாய். திட்டத்தில் கிடைக்கும் 36,000 ரூபாயைக் கழித்தால் 3,54,000 ரூபாய்.

இந்த எண்ணைக் கண்டதும் வகுப்பு திகைக்கும். “அப்படியென்றால் படிக்கவே வேண்டாமா?” என்ற கேள்வி கட்டாயம் எழும். கணக்கை இந்த இடத்தில் முடித்துவிட்டால் நாம் தவறான பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களாவோம். எனவே இரண்டாம் பகுதி தேவை. பட்டம் பெற்றபின் அவருக்கு மாதம் 16,000 ரூபாய் கிடைக்கும். நூற்பாலையில் தொடர்ந்திருந்தால் அப்போது 12,000 ரூபாய் கிடைத்திருக்கும். வேறுபாடு மாதம் 4,000 ரூபாய். 3,54,000ஐ 4,000ஆல் வகுத்தால் 88.5 மாதங்கள், அதாவது ஏழு ஆண்டுகளும் நாலரை மாதங்களும். இருபத்தோரு வயதில் வேலைக்குச் செல்பவர் இருபத்தெட்டரை வயதுக்குள் கைவிட்டதை ஈட்டிவிடுகிறார். அதற்குப் பின் 58 வயது வரை மாதம் 4,000 ரூபாய் கூடுதல் வருமானம்தான்.

கணக்கு சரி. ஆனால் ஏழு ஆண்டுகள் காத்திருக்க முடியாத வீடுகள் இருக்கின்றன. அடுத்த மாத வட்டியைக் கட்ட வேண்டிய குடும்பத்துக்கு இருபத்தெட்டாவது வயதில் வரும் நன்மை உதவாது. அவர்கள் படிப்பின் மதிப்பு தெரியாதவர்கள் அல்லர். காத்திருக்கும் வசதி இல்லாதவர்கள். உதவித்தொகைகள் ஏன் மாதந்தோறும் தரப்படுகின்றன என்பதை இந்த இடத்தில் விளக்கலாம். மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இவை வாய்ப்புச் செலவைக் குறைக்கும் நடவடிக்கைகள் என்று மாணவர் தாமே கண்டுகொள்ளும்போது பாடம் மனத்தில் நிற்கும்.

கணக்கு 2: எத்தனை வடை?

ஒருவர் வடை சாப்பிடுகிறார். ஒன்று முதல் ஆறு வடை வரை அவர் பெறும் மொத்தப் பயன்பாடு வரிசையாக 20, 35, 45, 50, 50, 45 அலகுகள். ஓர் அலகுப் பயன்பாடு ஒரு ரூபாய்க்குச் சமம் என்க. வடையின் விலை 10 ரூபாய். அவர் எத்தனை வடை வாங்குவார்?

“நான்கு” அல்லது “ஐந்து” என்ற விடைகள் அதிகம் வரும். மொத்தப் பயன்பாடு உச்சத்தில் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். இறுதிநிலைப் பயன்பாட்டைக் கணக்கிடச் சொல்லுங்கள்: 20, 15, 10, 5, 0, –5. இப்போது ஒவ்வொரு வடையாகக் கேளுங்கள். முதல் வடை 20 ரூபாய் மதிப்புள்ள மனநிறைவைத் தருகிறது, விலை 10, வாங்கலாம். இரண்டாவது 15, வாங்கலாம். மூன்றாவது 10, விலைக்குச் சரியாக இருக்கிறது. நான்காவது 5 மட்டுமே தருகிறது. அதற்கு 10 ரூபாய் கொடுப்பானேன்? விடை மூன்று.

விலை 5 ரூபாயானால் நான்கு வாங்குவார். யாரோ இலவசமாகத் தந்தால் ஐந்தோடு நிறுத்துவார். ஆறாவதை இலவசமாகக் கொடுத்தாலும் தொடமாட்டார்.

இதே அட்டவணையிலிருந்து மேலும் இரண்டு பாடங்களை எடுக்கலாம். நுகர்வோர் உபரி முதலாவது. மூன்று வடைகளுக்கு அவர் கொடுக்கத் தயாராக இருந்தது 45 ரூபாய். கொடுத்தது 30 ரூபாய். உபரி 15 ரூபாய். இரண்டாவது பாடம் இதைவிட முக்கியமானது. விலை 20 என்றால் ஒரு வடை, 15 என்றால் இரண்டு, 10 என்றால் மூன்று, 5 என்றால் நான்கு. இதை எழுதிப் பார்க்கும் மாணவர் தம்மை அறியாமலே தேவைப் பட்டியலை எழுதியிருப்பார். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியும் தேவை விதியும் இரண்டு தனித்தனிப் பாடங்கள் அல்ல, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

நேரம் இருந்தால் ஆடம் ஸ்மித் 1776இல் எழுப்பிய புதிரையும் சொல்லலாம். உயிர் காக்கும் தண்ணீர் மலிவாகவும், உயிர் வாழத் தேவையில்லாத வைரம் விலை மிகுந்தும் இருப்பது ஏன்? 1870களில் ஜெவன்ஸ், மெங்கர், வால்ரஸ் ஆகியோர் இறுதிநிலை என்ற கருத்தைக் கொண்டு வந்தபின் விடை தெளிவானது. விலையைத் தீர்மானிப்பது மொத்தப் பயன்பாடு அன்று. கடைசி அலகின் பயன்பாடு. தண்ணீர் நிறைய இருப்பதால் அதன் கடைசிக் குடம் தரும் பயன் குறைவு. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற தெருவில் வளர்ந்த மாணவர், தண்ணீர் குறைந்தால் அந்தக் கடைசிக் குடத்தின் மதிப்பு எப்படி ஏறும் என்பதையும் சொல்லிவிடுவார்.

கணக்கு 3: தக்காளிச் சந்தையில் மழை

தேவைச் சார்பு: தேவை அளவு = 100 – 2 × விலை. அளிப்புச் சார்பு: அளிப்பு அளவு = –20 + 4 × விலை. விலை கிலோவுக்கு ரூபாயில், அளவு பெட்டிகளில். சமநிலை விலையும் அளவும் என்ன?

சமன்பாட்டுக்கு முன் அட்டவணை போடச் சொல்லுங்கள். விலை 10 என்றால் தேவை 80, அளிப்பு 20. விலை 20 என்றால் இரண்டும் 60. விலை 30 என்றால் தேவை 40, அளிப்பு 100. சமநிலை தானாகவே கண்ணில் படும். 10 ரூபாயில் 60 பெட்டிகள் பற்றாக்குறை. 30 ரூபாயில் 60 பெட்டிகள் தேக்கம். இதன்பின் சமன்பாட்டைத் தீர்த்தால், அது அட்டவணை சொன்னதையே சுருக்கமாகச் சொல்கிறது என்ற நம்பிக்கை வரும்.

வரைபடம் வரையும்போது ஒரு குழப்பம் காத்திருக்கிறது. கணித வகுப்பில், நாம் மாற்றும் மாறியைக் கிடை அச்சிலும் அதைச் சார்ந்து மாறுவதைச் செங்குத்து அச்சிலும் வைக்கப் பழக்கியிருப்பார்கள். இங்கே விலை மாறுகிறது, அளவு அதைச் சார்ந்து மாறுகிறது. அப்படியென்றால் விலை கிடை அச்சில் அல்லவா வர வேண்டும்? கணிதம் நன்கு தெரிந்த மாணவர்தான் இதைக் கேட்பார். அவருடைய கேள்வி சரியானது. பிரெஞ்சு அறிஞர் கூர்நோ 1838இல் விலையைக் கிடை அச்சில்தான் வைத்தார். ஆல்பிரட் மார்ஷல் தம் வரைபடங்களில் விலையைச் செங்குத்து அச்சில் வைத்தார். 1890இல் வெளிவந்த அவருடைய நூல் பல தலைமுறைகளுக்குப் பாடநூலாக இருந்ததால் அந்த வழக்கமே நிலைத்துவிட்டது. இது மரபு, விதி அன்று என்று சொல்லிவிட்டால் குழப்பம் தீரும். சமன்பாட்டில் உள்ள –2 என்ற எண் வரைபடத்தின் சாய்வாக வராமல் –1/2 ஆக வருவதற்கும் இதுவே காரணம்.

அடுத்து மழையைக் கொண்டுவருவோம். தொடர்மழையால் ஒவ்வொரு விலையிலும் வரத்து 30 பெட்டிகள் குறைகிறது. புதிய அளிப்புச் சார்பு –50 + 4 × விலை. 100 – 2 × விலை என்பதோடு சமப்படுத்தினால் 6 × விலை = 150; விலை 25; அளவு 50.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி இது: வரத்து 30 பெட்டிகள் குறைந்தது. ஆனால் விற்பனை 60இலிருந்து 50ஆக, பத்துப் பெட்டிகள் மட்டும்தானே குறைந்திருக்கிறது? மீதி இருபது எங்கிருந்து வந்தது? விலை 5 ரூபாய் ஏறியதால் விவசாயிகள் 20 பெட்டிகள் கூடுதலாகக் கொண்டுவந்தனர். வாங்குவோர் 10 பெட்டிகளைக் குறைத்துக்கொண்டனர். இருபதும் பத்தும் முப்பது. ‘அளிப்புக் குறைவு’ என்பதும் ‘தேவைச் சுருக்கம்’ என்பதும் வெவ்வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அளிப்புக்கோடு முழுவதும் இடம் பெயர்ந்தது. தேவைக்கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் மேல் புள்ளி மட்டும் நகர்ந்தது. தேர்வில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் வேறுபாடு இது.

மூன்றாம் படியாக, அரசு தலையிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். மழைக்குப் பின்னும் 20 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டால், தேவை 60, அளிப்பு 30. முப்பது பெட்டிகள் பற்றாக்குறை. முதலில் வரிசையில் நின்றவருக்குக் கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது தமிழ்நாடு அரசு வேறொரு வழியை எடுத்தது. தானே கொள்முதல் செய்து, சென்னையில் நியாயவிலைக் கடைகள் சிலவற்றில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. வெளிச்சந்தை விலைக்கு உச்சவரம்பு விதிப்பதற்கும், அரசே ஒரு விற்பனையாளராகச் சந்தைக்கு வருவதற்கும் என்ன வேறுபாடு, செலவை யார் ஏற்கிறார்கள் என்று விவாதிக்க விட்டால் ஒரு பாடவேளை போதாது.

கணக்கு 4: பூ விலை ஏறினால்

ஒரு முழம் மல்லிகையின் விலை 40 ரூபாயாக இருந்தபோது ஒரு கடையில் 60 முழம் விற்றது. விலை 50 ஆனபோது 40 முழம் விற்றது. தேவை நெகிழ்ச்சி என்ன?

சதவீத முறையில் விலை உயர்வு 25 சதவீதம், அளவுக் குறைவு 33.3 சதவீதம். நெகிழ்ச்சி சுமார் 1.33. வகுப்பின் ஒரு பாதியை இப்படிச் செய்யச் சொல்லிவிட்டு, மறுபாதியிடம் விலை 50இலிருந்து 40ஆக இறங்கியதாகக் கொடுங்கள். விலைக் குறைவு 20 சதவீதம், அளவு உயர்வு 50 சதவீதம். நெகிழ்ச்சி 2.5. அதே கடை, அதே இரண்டு விலைகள், ஆனால் விடைகள் இரண்டு. இரு பக்கமும் தங்கள் விடையே சரி என்று வாதாடும். இரண்டு பக்கமும் கூட்டலில் தவறவில்லை. சதவீதத்தை எந்த அடிப்படையில் எடுக்கிறோம் என்பதே வேறுபாட்டுக்குக் காரணம். தொடக்கத்தையும் முடிவையும் விட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுப்பட்ட எண்ணை அடிப்படையாகக் கொண்டால் சண்டை தீரும். அளவு மாற்றம் 20, நடு அளவு 50. அதாவது 40 சதவீதம். விலை மாற்றம் 10, நடு விலை 45, அதாவது 22.2 சதவீதம். நெகிழ்ச்சி 1.8. ஏறினாலும் இறங்கினாலும் இதே விடை.

சரிபார்க்க எளிய வழி மொத்தச் செலவு முறை. முன்பு வாங்குவோர் செலவிட்டது 40 × 60 = 2,400 ரூபாய். பின்பு 50 × 40 = 2,000 ரூபாய். விலை ஏற, மொத்தத் தொகை குறைகிறது. எனவே நெகிழ்ச்சி ஒன்றுக்கு மேல். உப்புக்கு இதையே செய்து பாருங்கள். விலை 20இலிருந்து 25 ஆகிறது. விற்பனை 100 பாக்கெட்டிலிருந்து 98 ஆகிறது. தொகை 2,000இலிருந்து 2,450 ஆக உயர்கிறது; நெகிழ்ச்சி ஒன்றுக்குக் கீழ்.

இங்கிருந்து விவசாயிகளின் பழைய வேதனைக்கு வரலாம். ஒரு சந்தைக்கு 100 பெட்டி தக்காளி வந்தபோது பெட்டி 300 ரூபாய். மொத்தம் 30,000 ரூபாய். விளைச்சல் நன்றாக இருந்து 150 பெட்டி வந்தபோது பெட்டி 150 ரூபாய். மொத்தம் 22,500 ரூபாய். விளைச்சல் ஒன்றரை மடங்கு, வருமானமோ முக்கால் மடங்கு. நெகிழ்ச்சி குறைந்த பண்டத்தில் அமோக விளைச்சலே நட்டமாக முடியும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி புதிதன்று. அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதுதான் புதிது.

கணக்கு 5: பறிப்பதா, விட்டுவிடுவதா?

ஒரு விவசாயி தக்காளித் தோட்டத்தில் உழவு, நாற்று, உரம், மருந்து என்று 40,000 ரூபாய் செலவிட்டுவிட்டார். 200 பெட்டிகள் பறிக்கலாம். பறிப்புக் கூலி, பெட்டி, வண்டி வாடகை சேர்த்துப் பெட்டிக்கு 70 ரூபாய் ஆகும். சந்தை விலை பெட்டிக்கு 110 ரூபாய். அவர் பறிக்க வேண்டுமா?

மாணவர்கள் மொத்தச் செலவைப் போடுவார்கள்: 40,000 + 14,000 = 54,000. வருவாய் 22,000. நட்டம் 32,000. “நட்டம்தானே, பறிக்க வேண்டாம்” என்பார்கள். பறிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். போட்ட 40,000 ரூபாயும் போய்விடும். நட்டம் 40,000. பறித்தால் நட்டம் 8,000 ரூபாய் குறைகிறது. எனவே பறிக்க வேண்டும்.

விலை 60 ரூபாய்க்கு இறங்கினால்? ஒவ்வொரு பெட்டிக்கும் கைக்காசு 10 ரூபாய் போகும். பறித்தால் நட்டம் 42,000; பறிக்காவிட்டால் 40,000. இப்போது செடியிலேயே விட்டுவிடுவதுதான் சரி. விலை சராசரி மாறும் செலவை ஈடுகட்டும் வரை உற்பத்தியைத் தொடரலாம், அதற்குக் கீழே போனால் நிறுத்தலாம் என்று பாடநூல் குறுகிய காலத்துக்குச் சொல்லும் விதி இதுதான். செலவழித்து முடித்துவிட்ட 40,000 ரூபாய் இரண்டு முடிவுகளிலும் ஒரே மாதிரி நிற்பதால் அது முடிவை மாற்றாது. முதல் கணக்கின் சாப்பாட்டுச் செலவை மாணவர்கள் இங்கே நினைவுகூர்வார்கள்.

விலை வீழ்ச்சியின்போது தக்காளியைச் சாலையோரம் கொட்டுவதையும், தோட்டத்தில் மாட்டை மேயவிடுவதையும் செய்தியில் பார்ப்பவர்கள் “இப்படி வீணாக்கலாமா?” என்று எளிதாகக் கேட்டுவிடுகிறார்கள். அந்தத் தோட்டத்துக்காரரின் பிள்ளை நம் வகுப்பில் இருக்கக்கூடும். தன் தந்தை செய்தது அறியாமையோ கோபமோ அன்று, அந்த விலையில் அதுவே குறைந்த நட்டம் தரும் வழி என்பதை அந்தப் பிள்ளை கரும்பலகையில் போட்டுக் காட்ட முடிந்தால், பொருளியல் பாடம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று சொல்வேன். அடுத்த கேள்வியையும் அந்தப் பிள்ளையே கேட்பார்: எழுபது ரூபாயைக் குறைக்க முடியாதா? குளிர்பதனக் கிடங்கு, 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, தக்காளிச் சாறு ஆலை என்று விவாதம் தானாக விரியும்.

மதிப்பிடும்போது

ஐந்து மதிப்பெண் கணக்கு என்றால் எண்ணுக்கு இரண்டு, முடிவுக்கு ஒன்று, காரணத்துக்கு இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். கூட்டலில் தவறி, காரணத்தைச் சரியாக எழுதியவர் மூன்று மதிப்பெண் பெறுவார். எண் சரியாக வந்து, காரணம் எழுதாதவரும் மூன்று பெறுவார். கணக்கைக் கண்டு அஞ்சும் மாணவருக்கு இந்தப் பிரிப்பே முதல் துணிவைத் தரும்.

மாதம் ஒருமுறை மாணவர்களையே கணக்கு அமைக்கச் சொல்லலாம். வாரச் சந்தையில் ஒரே பொருளின் விலையைக் காலையிலும் மாலையிலும் குறித்து வந்தால் போதும். மாலையில் கீரை விலை ஏன் பாதியாகிறது, உப்பு விலை ஏன் ஆவதில்லை என்று ஒரு குழு கேட்க, மற்றொரு குழு விடை சொல்லலாம். கணக்கை அமைக்கத் தெரிந்தவருக்குத் தீர்க்கவும் தெரியும்.

வகுப்பில் கொடுத்துப் பார்க்க நான்கு கணக்குகள்

1. ஒரு மாணவரின் ஐந்து தேர்வுகளின் சராசரி 60. ஆறாம் தேர்வில் 72 பெற்றால் சராசரி என்ன? ஏழாம் தேர்வில் 48 பெற்றால்? இதைக் கொண்டு இறுதிநிலைச் செலவுக்கும் சராசரிச் செலவுக்கும் உள்ள தொடர்பை விளக்குக.

2. தேவை அளவு = 80 – விலை; அளிப்பு அளவு = 20 + 2 × விலை. சமநிலை காண்க. மக்கள் வருமானம் உயர்ந்து ஒவ்வொரு விலையிலும் தேவை 15 கூடினால் புதிய சமநிலை என்ன? அளவு ஏன் 15 கூடவில்லை?

3. சிற்றுந்துக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 12 ரூபாயாகிறது. பயணிகள் 500 பேரிலிருந்து 450 பேராகிறார்கள். நெகிழ்ச்சி என்ன? உரிமையாளருக்கு இலாபமா?

4. ஒரு பெண் தம் வீட்டின் முன்னறையில் தையற்கடை நடத்துகிறார். மாத வரவு 18,000 ரூபாய். நூல், மின்சாரம் முதலிய செலவு 6,000 ரூபாய். அறையை வாடகைக்கு விட்டால் 2,000 ரூபாயும், ஆயத்த ஆடை நிறுவனத்தில் வேலைக்குப் போனால் 9,000 ரூபாயும் கிடைக்கும். கடையைத் தொடரலாமா? நிறுவனச் சம்பளம் 11,000 ரூபாயானால்?

விடைகள்: (1) 62, 60. இறுதி மதிப்பெண் சராசரிக்கு மேல் இருந்தால் சராசரி ஏறும், கீழே இருந்தால் இறங்கும்; செலவுக்கும் இதுவே பொருந்தும். (2) விலை 20, அளவு 60. பின்பு விலை 25, அளவு 70. விலை 5 ஏறியதால் தேவை 5 சுருங்கியது. (3) சதவீத முறையில் 0.5, வசூல் 5,000 ரூபாயிலிருந்து 5,400 ரூபாயாக உயர்கிறது. செலவு கூடவில்லை என்றால் இலாபமும் உயரும். (4) கையில் நிற்பது 12,000, கைவிட்டது 11,000, 1,000 ரூபாய் மிச்சம், தொடரலாம். சம்பளம் 11,000 ஆனால் 1,000 ரூபாய் குறைவு. ஆனாலும் வீட்டிலிருந்தே வேலை செய்வதை மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் மதிப்பவர் தொடர்ந்து நடத்துவார். அதுவும் பொருளியலுக்கு உட்பட்ட சரியான முடிவே.

நான்காம் கணக்கில் இரண்டு விதமான விடைகள் வரட்டும். காரணம் எழுதியிருந்தால் இரண்டுக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.